நடு நாற்காலி

செப்டம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்களும் அம்மாவும், மாடியில் சித்தப்பாவும் சித்தியும் சௌக்கியமா? ரத்தக்கொதிப்பு மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறீர்களா, இல்லை அம்மாவை ஏமாற்றிக்கொண்டு திரிகிறீர்களா?

என் அறை சின்னது. இரண்டு கட்டில், இரண்டு மேசை, ஜன்னலுக்குக் கீழே அறையைச் சூடாக்கும் குழாய். அதன் மேல் துணி உலர்த்தக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அதன் மேல்தான் உலர்த்துகிறோம். கூட இருப்பவள் வேறு நாட்டில் ஆடிட்டராக இருந்தவள். நல்ல மாதிரி. என் சோப்பை எடுத்தால்கூடச் சொல்லிவிட்டு எடுக்கிறாள்.

வகுப்பறை லாடம் மாதிரி வளைந்து, படிபடியாக மேலே போகிறது. பேராசிரியர் பாடம் நடத்துவது இல்லை. முந்தின நாளே ஏதாவது ஒரு கம்பெனியின் கதையைக் கொடுத்துவிடுகிறார்கள். மறுநாள் அவர் உள்ளே வந்து யாரையாவது விரலால் காட்டி, "நீதான் முதலாளி. என்ன செய்வாய்? ஆரம்பி" என்கிறார். பாதி மதிப்பெண் பேசுவதற்கு. நம் வீட்டில் பேசியதற்கு அடி வாங்கியவள் நான். இங்கே பேசினால் மார்க் தருகிறார்கள்.

கம்பெனி எப்படி ஓடுகிறது? கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இங்கே சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. அதற்கு அண்ணன் தம்பி இரண்டு முதலாளிகள். எதிரெதிர் மேசை. பல வருஷமாக ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் ஒரு நாற்காலி போட்டு வீட்டுப் பெண்ணை உட்கார வைத்து, "அவன்கிட்ட சொல்லு", "அவர்கிட்ட சொல்லு" என்றே காலத்தை ஓட்டியவர்கள். இப்போது நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவசியம் எழுதுங்கள்.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பாப்பா


செப்டம்பர் 26

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. நீ சௌக்கியம் என்று படித்துக் காட்டிய பிறகுதான் உன் அம்மா அன்றைக்கு அடுப்பையே பற்ற வைத்தாள். நாங்கள் எல்லோரும் குறைவில்லாமல் இருக்கிறோம். மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறேன்.

உன் நாற்காலியில் ஒரு கணக்கரை உட்கார வைத்தேன். அனுபவஸ்தர். நான் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எதிர் மேசைக்குப் போய்ச் சொன்னார். உன் சித்தப்பன் ஸ்பானரை எடுத்து எறிந்தான். அவர் மேல் எறியவில்லை, சுவரில்தான் எறிந்தான். இருந்தாலும் மத்தியானம் சாப்பிடப் போன கணக்கர் திரும்பி வரவில்லை. நீ இருந்தவரை அவன் ஒரு சாமானையும் எறிந்ததில்லை. அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நடுவில் உட்கார வருகிறாயா என்று உன் அம்மாவைக் கேட்டேன். "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயணும்?" என்று சொல்லிவிட்டாள். உன் சித்தியும் அதையேதான் சொன்னாளாம்.

ஆகையால் உனக்கே எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் இருக்கும் இரண்டு லிஃப்ட்டில் பெரியதற்குக் கயிறு மாற்றியே தீர வேண்டும் என்று அவன் குதிக்கிறான். நீ அவனுக்கு இப்படி எழுது: "கயிறு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். மேல ஏறிக் கயித்தைப் பாத்தவனெல்லாம் கம்பெனி நடத்திட முடியாது. மடசாம்பிராணி, வாயை மூடிக்கிட்டு இருக்கற வேலையைப் பாரு." ஒரு எழுத்து மாற்றாமல் எழுது.

படிப்பில் கவனமாக இரு.

இப்படிக்கு, அப்பா


அக்டோபர் 8

அன்புள்ள சித்தப்பா,

இங்கே குளிர் வந்துவிட்டது, ஜலதோஷம் இன்னும் வரவில்லை. சித்தி எப்படி இருக்கிறாள்? உங்கள் முழங்கால் தேவலையா? அப்பாவும் அதைத்தான் முதலில் விசாரித்து எழுதியிருந்தார். "மோட்டார் ரூம் வரைக்கும் படி ஏறிப் போறான், முட்டியைப் பாத்துக்கச் சொல்லு" என்று.

கயிறு விஷயமாக அப்பா உங்களிடம் யோசனை கேட்கிறார். கொஞ்சம் பொறுத்துச் செய்யலாமா என்று உங்களைக் கலந்துகொண்டு முடிவு செய்வதாக இருக்கிறார். உங்கள் அளவுக்கு மேலே ஏறிக் கயிற்றைப் பார்த்தவர் நம் ஊரிலேயே கிடையாது என்பது அவர் வாக்கு.

இங்கே ஐந்தைந்து பேராகக் குழு பிரித்துவிட்டார்கள். என் குழுவில் ராணுவத்தில் இருந்த ஒருவர், வங்கிக்காரர் ஒருவர், மருந்து விற்றவள் ஒருத்தி, என் அறைத் தோழி ஆடிட்டர். கம்பெனிக் கதையைப் படித்துவிட்டுத் தினமும் சாயங்காலம் கூடுகிறோம். ராணுவத்துக்கும் வங்கிக்கும் ஆகவே ஆகாது. நான் நடுவில் உட்கார்ந்து, "அவர் என்ன சொல்ல வருகிறார் என்றால்" என்று ஆரம்பித்துவிடுகிறேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? எல்லோருக்கும் என்னைப் பிடித்திருக்கிறது.

வகுப்பில் பேசுவது பற்றிக் கேட்டிருந்தீர்களாம், சித்தி எழுதியிருந்தாள். எல்லாம் நன்றாகவே போகிறது.

உங்கள் வாலு


அக்டோபர் 23

செல்ல வாலுக்கு,

நான் நலம். சித்தி உன்னைவிட நலம். எனக்கு எழுத்து வராது, ஸ்பானர் பிடிக்கிற கை. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

அண்ணன் என் முட்டியைக் கேட்டார் என்று படித்ததும் பாதி வலி போய்விட்டது. சித்தியிடம் மறுபடி மறுபடி வாசித்துக் காட்டினேன். "போதும், மனப்பாடம் ஆகிடுச்சு" என்றாள். மெக்கானிக்குகள் முன்னால் வைத்து அவர் என்னைத் திட்டிய அன்றைக்கு அறுந்த பேச்சு இது. மனசுக்குள் அவருக்கு என் மேல் பாசம் இருக்கிறது என்று உன்னால்தான் எனக்குத் தெரிகிறது.

ஆனால் கயிற்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இழை இழையாகப் பிரிந்து நிற்கிறது. பெரிய லிஃப்ட்டைப் பூட்டிவிட்டேன். சின்ன லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. படுத்த நோயாளிகளை ஆள் வைத்து மாடிப்படியில் தூக்குகிறார்கள். அவரிடம் சொல்: "கணக்குப்பிள்ளைக்குக் கயிறும் தெரியாது, கழுத்தும் தெரியாது. பெட்டி அறுந்து விழுந்தா யாரு பதில் சொல்றது? கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருந்தா ஆச்சா? பூட்டியாச்சு. முடிஞ்சா தொறந்து பாக்கட்டும்."

என்னிடம் யோசனை கேட்கப் போகிறார் என்றாயே, அதற்காகக் காத்திருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று நாலு வரி எழுதக் கூடாதா?

அன்புள்ள சித்தப்பா


நவம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம், நீங்களும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். போன வருஷம் படித்து முடித்துப் போனவள் விட்டுச்சென்ற கோட்டு எனக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு பாப்பாவை அதற்குள் போடலாம்.

சித்தப்பா பதில் எழுதிவிட்டார். கணக்கு வழக்கில் உங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஆரம்பித்திருக்கிறார். ஏதாவது ஆகிவிட்டால் உங்களுக்குத்தானே கெட்ட பெயர் என்ற கவலையில்தான் லிஃப்ட்டைப் பூட்டினாராம். நீங்கள் எப்போது சொன்னாலும் சாவியைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்துவிடுவார். நிதானமாக உட்கார்ந்திருப்பது உங்களிடம் உள்ள பெரிய குணம் என்றும் எழுதியிருக்கிறார்.

இங்கே கோடை விடுமுறை வேலைக்கு இப்போதே நேர்முகம் ஆரம்பித்துவிட்டது. ஆண்கள் எல்லோரும் ஒரே நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை யார் என்று தெரியாத மாதிரி நிற்கிறார்கள். பேரம் பேசுவதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பேராசிரியர் வகுப்பில் என்னை எழுப்பி ஒரு கேள்வி கேட்டார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் பாப்பா


டிசம்பர் 3

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உடம்பு பரவாயில்லை. மனசுதான் சரியில்லை. சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பான் என்று எழுதினாய். ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். அவன் என் மேசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாய் ஒன்று சொல்கிறது, கை ஒன்று செய்கிறது.

ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் நேரில் வந்தார். மூன்று மாடிக்கு நோயாளிகளைத் தூக்கி வார்டு ஆட்களுக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டதாம். "உங்க குடும்பச் சண்டைக்கு என் பேஷண்ட்டா பலி?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்தோம். மார்ச் முடிவதற்குள் லிஃப்ட் ஓடாவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வாராம். அது போனால் மற்றதும் ஒவ்வொன்றாகப் போகும்.

யோசித்துப் பார்த்தேன். நீ அங்கே கம்பெனி நடத்தப் படித்து முடிப்பதற்குள் இங்கே நடத்தக் கம்பெனி இருக்காது. இந்தப் பருவம் முடிந்ததும் வந்துவிடு. படிப்பு எங்கே ஓடிப்போகிறது? நிலைமை சீரானதும் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு, அப்பா


டிசம்பர் 5

செல்ல வாலுக்கு,

நலம்தான். அண்ணன் என்னிடம் யோசனை கேட்கவே இல்லை. சாமி சத்தியமாக அவர் கூப்பிட்டால் எழுந்து ஓடியிருப்பேன். ஒன்றரை மாசமாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை வரச் சொல்லி அவர் எழுதியிருப்பதாக உங்க அம்மா சொன்னாள். எங்களுக்குள் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான் போல. வந்துவிடு, கண்ணு. உனக்குக் கஷ்டம்தான். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனால் நீ இல்லாமல் இந்தக் கம்பெனி நகராது.

சித்தி மட்டும் "அவளைக் கூப்பிடாதீங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புள்ள சித்தப்பா


ஜனவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் திடமாகவே இருக்கிறேன். உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

பேரம் பாடத்தில் ஒரு பயிற்சி வைத்தார்கள். ஒரு தொழிற்சாலையை விற்கிறவர்கள் ஓர் அறையில், வாங்குகிறவர்கள் இன்னோர் அறையில். இரண்டு பக்கமும் நேரில் பேசக் கூடாது. நடுவில் தூது போக ஓர் ஆள் வேண்டும். என் குழு ஒரே குரலில் என்னைத் தள்ளிவிட்டது. பிறந்ததிலிருந்தே செய்கிற வேலைதானே என்று கிளம்பினேன். இந்த அறையில் "கடைசி வார்த்தை இதுதான், போய்ச் சொல்" என்பார்கள். அந்த அறையில் போய் "யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்பேன். அங்கே "அவர்களுக்கு மூளை இருக்கிறதா?" என்பார்கள். இங்கே வந்து "உங்கள் யோசனை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது" என்பேன். எல்லோரும் முகம் மலர உட்கார்ந்திருந்தார்கள். நேரம் முடிந்தது, பேரம் முடியவில்லை. எதிராளி இறங்கி வருவான் என்று இரண்டு பக்கமும் சும்மா இருந்துவிட்டார்கள். வகுப்பிலேயே வியாபாரம் படியாத ஒரே குழு எங்களுடையது. ராணுவக்காரர் என்னைப் பார்த்து, "நீ கொண்டுவந்தது அவர்கள் சொன்னது இல்லை, நீ ஆசைப்பட்டது" என்றார்.

அப்பா, சித்தப்பா சாவி தருவதாக எழுதவே இல்லை. அது என் சொந்தச் சரக்கு. இத்தனை வருஷமாகப் பாதிக்கு மேல் என் சரக்குதான். அவர் அக்டோபரில் எழுதியதை இதோ கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன்: "கணக்குப்பிள்ளைக்குக் கயிறும் தெரியாது, கழுத்தும் தெரியாது. பெட்டி அறுந்து விழுந்தா யாரு பதில் சொல்றது? கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருந்தா ஆச்சா? பூட்டியாச்சு. முடிஞ்சா தொறந்து பாக்கட்டும்."

நீங்கள் சொன்னதை அப்படியே அவருக்கும் இன்றைய தபாலில் எழுதுகிறேன். எனக்கு இங்கே இருந்து படிக்க வேண்டும், அப்பா. அதை உங்களிடம் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

பாப்பா


ஜனவரி 11

அன்புள்ள சித்தப்பா,

சித்தியும் நீங்களும் நலமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். முதலில் ஒரு கும்பிடு.

அப்பா உங்களிடம் யோசனை கேட்கச் சொல்லவில்லை. முழங்காலையும் விசாரிக்கவில்லை. இரண்டையும் நான்தான் சேர்த்தேன். அவர் சொல்லச் சொன்னது இதுதான்: "கயிறு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். மேல ஏறிக் கயித்தைப் பாத்தவனெல்லாம் கம்பெனி நடத்திட முடியாது. மடசாம்பிராணி, வாயை மூடிக்கிட்டு இருக்கற வேலையைப் பாரு."

இனி யார் எதைச் சொன்னாலும் இப்படித்தான் வரும். உங்கள் கடிதத்தையும் அப்பாவுக்கு அப்படியே எழுதிவிட்டேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கும்படி மேலேயே எழுதியிருக்க வேண்டும்.

என்னைக் கோபிக்காதீர்கள்.

வாலு


பிப்ரவரி 16

அன்புள்ள அப்பா,

யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உங்களிடமிருந்தும் ஒரு வரி இல்லை, சித்தப்பாவிடமிருந்தும் இல்லை. அம்மாவும் எழுதவில்லை. எல்லா நாளும் தபால் அறைக்குப் போய் என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். அங்கே இருக்கும் பெண்மணி என்னைக் கண்டதுமே இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறாள்.

நான் எழுதியிருக்கக் கூடாது. ஏதோ ஒரு பயிற்சியில் தோற்றுவிட்டு, பெரிய மனுஷி மாதிரி வீட்டில் நெருப்பு வைத்துவிட்டேன். பாகம் பிரித்துவிட்டீர்களா? அம்மாவும் சித்தியுமாவது பேசிக்கொள்கிறார்களா?

நான் வந்துவிடுகிறேன், அப்பா. கல்லூரி அலுவலகத்தில் கேட்டேன். மார்ச் பாதிக்குள் சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்களாம். அறைத் தோழி என்னோடு சண்டை போடுகிறாள். என் கோட்டை ஒளித்து வைத்துவிட்டாள், வெளியே போய்க் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாதாம். சித்தப்பாவுக்கும் இதையே எழுதிப் போடுகிறேன். ஒரு வார்த்தை எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

பாப்பா


பிப்ரவரி 27 — தந்தி

வராதே. படி. கடிதம் வருகிறது. அப்பா, சித்தப்பா.


பிப்ரவரி 28

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடும் உடம்பு சுகத்தோடும் இருக்கிறோம். அதை முதலில் எழுதச் சொல்கிறான் உன் சித்தப்பன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறான்.

உன் கடிதம் இரண்டும் ஒரே தபாலில் வந்தன. அவரவர் மேசையில் அவரவர் படித்தோம். நான் எழுந்தேன். அதே சமயத்தில் அவனும் எழுந்தான்.

"நான் கல்லுளிமங்கனாடா?" என்றேன்.

"நான் மடசாம்பிராணியா?" என்றான்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது. கத்தின கத்தலில் மெக்கானிக்குகள் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள். உன் அம்மாவும் சித்தியும் வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். தடுப்பார்கள் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். உன் அம்மா, "நடுவுல யாரும் போகாதீங்க" என்று மெக்கானிக்குகளை அதட்டினாள்.

(இனி நான் எழுதுகிறேன், வாலு. அண்ணன் சுருக்கிவிடுவார்.)

ஆஸ்பத்திரி மாடியில் இருக்கும் மோட்டார் ரூமுக்கு வந்து கயிற்றைப் பாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "இதை ஏன்டா என்கிட்ட சொல்லலை?" என்றார். "பூட்டி வச்சேனே, அது சொன்ன மாதிரி இல்லையா?" என்றேன். அப்புறம்தான் அவர் பக்கத்துக் கதை வந்தது. வழக்கமாக வாங்குகிற இடத்திலிருந்து வந்த கயிறு சரியில்லை என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டு, நல்ல கயிறு எங்கே கிடைக்கும் என்று செப்டம்பரிலிருந்து வேறு தொழிற்சாலைகளுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். "அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீ கேட்டியா?" என்றார். அங்கேயே மறுபடி ஒரு சண்டை போட்டோம்.

கீழே இறங்கும்போது கேட்டேன், "அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி என்னைத் திட்டினீங்களே, அது தப்பு இல்லையா?" என்று. "தப்புதான்" என்றார். அவ்வளவுதான், எனக்கு மேலே சண்டை போடவே வரவில்லை.

என் முட்டியை அவர் விசாரிக்கவே இல்லை என்று நீ எழுதியது மட்டும் வலித்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். சாமி கொடுக்காத வரத்தையும் சேர்த்துக் கொடுத்த பூசாரி நீ ஒருத்திதான்.

(அப்பா.) நான் விசாரிக்கவில்லை என்பது உண்மை. விசாரித்திருக்க வேண்டும். அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன். இப்போது தினமும் விசாரிக்கிறேன். "சும்மா சும்மா கேட்காதீங்க, எரிச்சலா இருக்கு" என்கிறான்.

நான் எழுதிக் கேட்டிருந்த தொழிற்சாலை ஒன்றிலிருந்து நல்ல கயிறு வந்தது; அதைப் போட்டு லிஃப்ட் ஓடுகிறது. டாக்டர் நேரில் வந்து தானே ஏறி இறங்கிப் பார்த்தார். ஒப்பந்தம் நம்மிடமே இருக்கிறது. இத்தனை நல்ல செய்தியையும் உனக்கு எழுதாததற்குக் காரணம், நான் எழுதிவிட்டேன் என்று அவன் நினைத்தான், அவன் எழுதிவிட்டான் என்று நான் நினைத்தேன். வெட்கக்கேடு. உன் பிப்ரவரிக் கடிதம் வந்த பிறகுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். இரண்டு பேரும் தந்தி ஆபீசுக்கு ஓடினோம். அங்கேயும் என்ன வாசகம் என்று ஒரு சண்டை. "படி" என்பது அவன் சேர்த்தது.

இன்னொன்று. நீ எனக்கு எழுதியது, அவனுக்கு எழுதியது எல்லாவற்றையும் நேற்று ஒரே மேசையில் பரப்பி வைத்துப் படித்தோம். எவ்வளவு எழுதியிருக்கிறாய்! ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்பதற்கு ஒரு பதிலும் அதில் இல்லை. அந்தப் பேராசிரியர் கேட்ட கேள்வியைப் பிறகு எழுதுகிறேன் என்றாய், எழுதவே இல்லை. உன் சித்தப்பன்தான் கண்டுபிடித்தான். எங்கள் இரண்டு பேர் சங்கதியை ஏற்றி இறக்கியே உன் காகிதம் தீர்ந்துபோயிருக்கிறது.

நீ வர வேண்டாம், பாப்பா. நீ இல்லாமலே சண்டை போடக் கற்றுக்கொண்டோம். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் எழுது. உள்ளதை எழுது.

அப்பா, சித்தப்பா


மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும்,

தந்தி என்றதும் பிரிக்கவே பயந்தேன். அறைத் தோழிதான் என்னைப் படிக்கட்டில் உட்கார வைத்துப் பிரித்துக் கொடுத்தாள். கீழே இரண்டு பேர் பெயரும் சேர்ந்து இருப்பதைப் பார்த்து நான் அழுதேன். அவள் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துத் தானும் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சித்தப்பா பெயரையும் அப்பா பெயரையும் ஒரே காகிதத்தில் பார்ப்பதில் என்ன விசேஷம் என்று அவள் இன்னமும் கேட்கிறாள்.

உள்ளதை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

முதல் பருவத்தில் எனக்கு எச்சரிக்கை வந்தது. இன்னொரு பருவம் இப்படியே போனால் கல்லூரியே என்னை அனுப்பிவிடும் என்று. பரீட்சையில் குறைவில்லை. பேச்சுக்கு உரிய பாதி மதிப்பெண்ணில்தான் சறுக்கினேன். கேட்டால் சிரிப்பீர்கள், நான் வகுப்பில் நிறையப் பேசினேன். "அவர் சொல்வது இது, இவர் சொல்வது இது, இரண்டிலும் நியாயம் இருக்கிறது" என்று எல்லோருக்காகவும் பேசினேன். பேரம் பாடத்துப் பேராசிரியர் என்னை எழுப்பி, "இரண்டு பேர் சொன்னதையும் அவர்களைவிட அழகாகச் சொன்னாய். சரி, நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டார். அதுதான் அந்தக் கேள்வி. எனக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கென்று ஒரு கருத்து இருக்கிறதா என்று உள்ளே தேடினால், வீட்டில் யாரும் இல்லாத மாதிரி இருந்தது. பயந்துவிட்டேன். அதை உங்கள் யாருக்கும் எழுத முடியவில்லை. நீங்கள் வரச் சொன்னபோது, அனுப்பப்படுவதற்கு முன் நாமே போய்விடலாம் என்றுகூட ஒரு நாள் தோன்றியது.

இப்போது அந்தப் பயம் போய்விட்டது. ஜனவரிக்குப் பிறகு வகுப்பில் என் கருத்தைச் சின்னதாகவாவது சொல்லிப் பழகினேன், எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். கோடைக்கு ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலையும் கிடைத்திருக்கிறது. நேர்முகத்தில் அவர்கள் கம்பெனி எப்படி என்று கேட்டார்கள். நல்ல கம்பெனி, ஆனால் வண்டி அனுப்புகிற முறை சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். எடுத்துக்கொண்டார்கள்.

நேற்று நடந்ததையும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். ஒரு பிஸ்கட் கம்பெனியின் கதை. வங்கிக்காரர் எழுந்து தொழிற்சாலையை மூடிவிடலாம் என்றார், புள்ளி விவரத்தோடு, கணீரென்று. ராணுவக்காரர் மறுத்தார். வழக்கப்படி எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள், நான் சேர்த்து வைப்பேன் என்று. நான் கையைத் தூக்கினேன். எழுந்து நின்றேன். வங்கிக்காரரைப் பார்த்து, "நீங்கள் சொல்வது தப்பு" என்றேன்.

ஏன் தப்பு என்று சொன்னேன். இடையில் நிறுத்தவில்லை. அவர் எழுந்து எனக்குப் பதில் சொன்னார். நான் அதற்குப் பதில் சொன்னேன். மணி அடிக்கும்வரை விடவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று தெரியாது. காகிதங்களை அடுக்கிக்கொண்டே அவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். போச்சு, இனி இந்த மனிதர் என்னோடு பேசப் போவதில்லை என்று நினைத்தேன்.

அவர் படி இறங்கி நேரே என்னிடம் வந்து, "தலை வலிக்கிறது, டீ குடிக்க வருகிறாயா?" என்று கேட்டார். போய்க் குடித்துவிட்டு வந்தோம். அங்கேயும் பிஸ்கட் கம்பெனியைப் பற்றியே அடித்துக்கொண்டோம்.

ஒன்றும் ஆகவில்லை, அப்பா. ஒன்றுமே ஆகவில்லை, சித்தப்பா.

அம்மாவையும் சித்தியையும் கட்டிக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் இருவருக்கும் மகள்